உண

முதலில் புறங்கை.
அவன் நெற்றியில் வைத்து, தன் கழுத்தில் வைத்து,
மறுபடி நெற்றிக்குக் கொண்டுபோனாள் சுபாங்கி.
"சுடுது."
"வெயிலுக்குள்ள விளையாடினவன்" என்றேன்.
ஜம்பட்டா வீதியில் அன்று முழுக்க மழை.

கையை நம்ப வேண்டாம் என்று
பார்மசிக்காரன் ஒரு வெள்ளைக் குச்சி விற்றான்.
கமக்கட்டின் வியர்வையைத் துடைத்து
நுனி தோலில் படும்படி வைத்து
கையை விலாவோடு அணைத்துப் பிடித்து
அது கத்தும்வரை பொறுக்க வேண்டும்.
யதுர்ஷன் பொறுக்கவில்லை. பிடுங்கி எறிந்தான்.
கட்டிலுக்கு அடியில் கிடந்து அது கத்தியது.
சீமெந்துத் தரையின் காய்ச்சலை
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் தடவை, கார்ட்டூன் ஓடவிட்டு:
முப்பத்தொன்பது நாலு.

கரண்ட் பில்லின் பின்பக்கம் கோடு கீறினேன்.
மணி. சூடு. மருந்து. மூத்திரம்.
பதினாறு கிலோவுக்கு டொக்டர் சொன்ன பனடோல் பாணி
ஊசியில்லாத சிரிஞ்சால், கன்னத்தின் உட்பக்கமாக,
ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா.
அதற்கு முன் அவன் எவ்வளவு அனுங்கினாலும் இல்லை.
சிவப்புச் சோடா கேட்டான். அதுவும் இல்லை.
சத்தி எடுத்தால்
சோடாவா ரத்தமா என்று யார் சொல்வது?

மேல்மாடி ரிஸ்மியா தாத்தா
ஓடிக்கொலோன் நனைத்த துணியோடு வந்தா.
சுபாங்கி வாங்கினாள், சிரித்தாள்,
கதவைச் சாத்தியதும்
பைப்புத் தண்ணியில் மூன்று தரம் அலசினாள்.
நான் போர்வையை உருவினேன்.

மூன்றாம் நாள் காலை முப்பத்தேழு.
"விட்டிட்டுது!" என்று கத்தினேன்.
கடைக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்;
இலக்கம் நல்லதாய் இருந்தால் நம்பிவிடுவேன்.
அவள் பில்லைப் பார்த்தாள்.
கடைசிக் கட்டத்தில் இரவிலிருந்தே ஒன்றும் இல்லை.
பாதத்தைப் பிடித்தாள். ஐஸ்.
"வயிறு நோகுது" என்றான் அவன்,
யாரும் கேட்காமலே.

காய்ச்சல் இறங்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்று
கொழும்பில் எல்லாருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டுதான் கத்தினேன்.

பொரளை, சிறுவர் ஆஸ்பத்திரி.
வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது
மிஸ் கேட்டா: "உண தியெனவாத?"
எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும். பிறந்ததே இங்கேதான்.
ஆனால் மூன்று இரவு தூங்காத காது
முதற் சொல்லைத் தமிழில் எடுத்தது.
"ஒண்டும் சாப்பிடேல்ல, மிஸ்."
அவ என்னை ஏறிட்டுப் பார்த்தா.
சுபாங்கி கைப்பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினாள்.
மிஸ் கோடுகளின் மேல் விரலை ஓட்டி
அந்த வெறுங்கட்டத்தில் நிறுத்தி
எங்களை வரிசைக்கு வெளியே இழுத்தா.

பிறகு ரத்தம், சேலைன்,
மணிக்கு மணி அளந்த மூத்திரம்.
பிளேட்லெட் விழுந்தது, விழுந்தது, நின்றது.
அவன் பிஸ்கட் கேட்ட அன்று
பார்வை நேரத்தில்
கட்டில் கம்பியில் தலை சாய்த்திருந்தாள் சுபாங்கி.
சாப்பாட்டுப் பார்சலைக் கையில் கொடுத்தேன்.
விரல்கள் கொதித்தன.

"பிள்ளையைத் தூக்கின சூடு."
பிள்ளைக்குத்தான் சூடே இல்லையே.
குச்சியைக் கொடுத்தேன்.
மகனைப் போலவே முகம் திருப்பினாள்,
மகனைப் போலவே பிடித்து வைத்தேன்.
முப்பத்தொன்பது ஒன்று.
"எப்ப இருந்து?"
"அவனுக்கு வந்ததுக்கு அடுத்த நாள்."

பில்லை விரித்தேன்.
நாலு நிரல், ஆறு நாள், ஒரே ஆள்.
அவளுக்குக் கீற ஓரம்கூட மிச்சமில்லை.
பெரியவர்களுக்கு வேறு ஆஸ்பத்திரி,
வேறு வரிசை.

மருந்து வண்டிலோடு வந்த மிஸ்
சுபாங்கியின் முகத்தைப் பார்த்து நின்றா.
"உண?"

பிரிக்காத பார்சல் மடியில் கிடந்தது.
சிங்களத்தில், ஓம்.
தமிழில், இல்லை.