பதினைந்து ராண்ட்

நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
பேசுவதற்குச் சம்பளம் இல்லை.

டர்பன் குன்றின்மேல் மூன்றாவது மாடி.
'தன் காலில் நிற்கும் பல்கலைக்கழகம்' என்று
திரையில் ஆளுயர எழுத்து.
பசுமை, சேமிப்பு, தொழில்முனைவு என
மூன்று வட்டங்களைப் பேராசிரியர் படையாச்சி
ஒன்றின்மேல் ஒன்றாய் நகர்த்திக்கொண்டிருந்தபோது
கரண்ட் போனது.

ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
டீசல் பணம் எங்கள் சமோசாவுக்குப் போயிருக்கலாம்.
அதை நான் எழுதவில்லை.
ஜன்னல் விளிம்பில் ஒரு குரங்கு
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கீழே ஒரு பெண் சார்ஜ் போட்டுத் தருகிறாள்"
என்றது இருட்டு.
துணைவேந்தரின் மடிக்கணினியோடு
படி எண்ணி எண்ணி இறங்கினோம்.

நூலகத்துக்குப் பின்னால்
கால் உடைந்த ஆய்வுக்கூட மேசை.
லாரி பேட்டரி நான்கு.
விரிசல் விழுந்த சோலார் தகடு இரண்டு.
எங்கள் கூரையிலிருந்து கழற்றியவைதான்;
'குப்பை' என்று பதிவேட்டில் எழுதியது
இதே கை.

போன் ஐந்து ராண்ட்,
மடிக்கணினி பதினைந்து,
அட்டையில் ஜூலுவில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
துணைவேந்தர் சட்டைப்பையைத் தடவினார்,
கார்டுதான் இருந்தது.
நான் கொடுத்தேன்.
ரசீது கேட்டேன், பழக்கதோஷம்.
கிழித்துத் தந்தாள்.
நொம்வேலோ ஷெசி என்று கையெழுத்து.
எங்கோ பார்த்த பெயர்.

அடுத்த வாரம் அவளைப் பற்றி நாற்பது நிமிடம்.
அவளை முன்வைத்து ஒரு மையம்,
மையத்துக்கு ஓர் இயக்குநர்,
இயக்குநருக்கு ஒரு கார்.
வருமானத்தில் நமக்கு அறுபது விழுக்காடு,
தகடு நம்முடையதாயிற்றே.
புதிய கையேட்டின் அட்டையில் அவள் முகம்.
"கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள்."
ஒருமனதாக, என்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான்
நினைவு வந்தது

கட்டண பாக்கிப் பட்டியல்,
பதினோராம் பக்கம், நான் தட்டச்சிட்டது:
ஷெசி, நொம்வேலோ. மின்பொறியியல், மூன்றாம் ஆண்டு.
பதிவு ரத்து.
பிப்ரவரியிலிருந்து
அவள் இங்கே மாணவியே இல்லை.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக
கையை உயர்த்தினேன்.
பேனாவும் கூடவே உயர்ந்தது.
"என்ன மிஸஸ் நாயக்கர், ஏதாவது விட்டுப்போனதா?"

விட்டுப்போனதைச் சொன்னேன்.
அவள் பாக்கி எவ்வளவு என்றும்
கையேட்டு அச்சுக்கூலி எவ்வளவு என்றும்,
இரண்டில் எது சின்னது என்றும்.

படையாச்சி கண்ணாடியைத் துடைத்தார்.
ஒருவர் இருமினார்.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்து,
"இதெல்லாம் குறிப்பில் வேண்டாமே" என்றார்.

அந்த வாக்கியத்தையும்
அப்படியே எழுதினேன்.
நேரம் போட்டு.