ரசமட்டம்

மூஸ் ஜாவில் மார்ச் முடிந்தும் பனி போகவில்லை.
நிலவறையில் இனி பில்லியர்ட்ஸ் அறைதான்
என்று ஓரெஸ்ட் அறிவித்த இரவே
மேசைக்கு முன்னால் அதன் நிழல் வந்துவிட்டது:
ஒரு சுருள் நீல நாடா.
சிமெண்டுத் தரையில் முட்டிபோட்டு
எட்டடிக்கு நாலரை என ஒட்டினார்.

சுற்றிலும் ஐந்தடி வேண்டுமாம்.
கோலுக்கு நாலடி பத்தங்குலம்,
மீதி, பின்னால் போகும் முழங்கைக்கு.
குனிந்து, ஒரு கண் மூடி,
இல்லாத பந்தை அடித்து அடித்து அளந்தார்.
தெற்கே இடமிருந்தது. மேற்கேயும்.
வடக்கே, வீட்டைத் தாங்கும் இரும்புத் தூண்.
"இதை எடுத்துவிட்டால்?"
"மேலே படுக்கையறை. அதில் நான்."
பட்டியலில் ஒரு குட்டைக் கோல் சேர்ந்தது.

மூன்று வாரம் அந்த நாடாவுக்குள்
யாரும் கால் வைக்கவில்லை.
துவைத்த துணிக்கூடையோடு நான் சுற்றிப் போனேன்.
நாய்கூட மூலை பார்த்துத் திரும்பியது.
விளக்கை அவசரப்பட்டு முதலிலேயே மாட்டியதில்
நெற்றி இடித்தது இரண்டு முறை.
இரண்டும் அவருடைய நெற்றி.

கற்பலகை மூன்று துண்டாக வந்தது,
துண்டுக்கு ஒரு கன்றுக்குட்டி எடை.
வாசல் அளந்திருந்தார், படி அளந்திருந்தார்,
படி திரும்பும் இடத்தை மட்டும் விட்டிருந்தார்.
பொருத்த வந்த வில்மா வீபெ
அவரைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியைக் கழற்றினாள்.

பிறகு கல்லின் மேல் ரசமட்டம் வைத்தாள்.
குமிழி நடுவில் நிற்கவில்லை,
மேடு தேடி நகர்ந்தது.
"வீடு ரயில்பாதைப் பக்கம் சாய்ந்திருக்கு.
ஒன்றேகால் அங்குலம். பழைய சாய்வு."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி
மூலையில் இருந்த உறைபெட்டியைப் பார்த்தோம்.
பத்தொன்பது வருடமாக
இரவில் வாய் பிளந்து நிற்கும் அதன் கதவு.
நீதான் சாத்தவில்லை. இல்லை, நீங்கள்தான்.
இரண்டு முறை மான்கறி கெட்டது.
ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிடித்துவைத்த
இருநூறு கொழுக்கட்டையும் கூழாயிற்று,
அந்த ஜனவரி முழுக்க
நாங்கள் பேசிக்கொண்டது நாயின் மூலமாக.

வில்மாவுக்கு இதெல்லாம் தெரியாது.
காலடியில் தகடு செருகினாள்,
இணைப்பில் தேன்மெழுகு உருக்கி ஊற்றிச் சுரண்டினாள்,
ஒயின் நிறத் துணியை இழுத்துத் தைத்தாள்.
மேசை மட்டமாயிற்று. வீடு அப்படியே.

வெள்ளைப் பந்தை நடுவில் வைத்தோம்.
அது அசையவில்லை.
அசையாததைப் பார்த்துக்கொண்டே
வெகுநேரம் நின்றோம்.

முதல் ஆட்டம்.
தூணோரம் குட்டைக் கோலோடு குனிந்து
குழிக்கு ஒரு சாண் தள்ளி அடித்தார்.
"தூண்," என்றார்.
"வீடு," என்றேன்.
வாய்விட்டுச் சிரித்தார். ரொம்ப நாளாயிற்று.

மேலே போகும்போது
உறைபெட்டிக் கதவை ஒருமுறை அழுத்திச் சாத்தினார்.
பின்னால் வந்த நான்
இன்னொரு முறை.