ஏழாம் நாள் எடை

நூற்று இருபது கிராம்.
நூற்று எண்பதாவது இருக்க வேண்டும்.
பாலக்கோட்டுக்கு மேற்கே மாதம்மாளின் கொட்டகையில்
தராசைத் துடைத்துத் துடைத்து
மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு முறையும் இறங்கி ஓடவே பார்த்தது குஞ்சு.

"தீனி குறைக்கல சார்.
சாக்க எண்ணிக்கோங்க."
எண்ணினேன். கணக்கு சரி.
தீனி போயிருக்கிறது,
உடம்புக்குத்தான் போகவில்லை.
நார்க்கழிவின் மேல் கிடந்த எச்சத்தில்
மக்காச்சோளம்
மக்காச்சோளமாகவே இருந்தது.

விடியலில் செத்த ஒன்றை
பழைய செய்தித்தாளில் மல்லாத்தி
கத்தரியால் திறந்தேன்.
சுண்டைக்காய் பருமனுக்கு
மஞ்சள் கரு இன்னும் மிச்சம்.
நாலைந்து நாளில் கரைந்திருக்க வேண்டிய கட்டுச்சோறு,
முட்டைக்குள்ளிருந்தே தாய் கட்டிக் கொடுத்தது,
முடிச்சு அவிழாமல்.

மத்திகிரியில் பயிற்சிக்குப் போனபோது
டாக்டர் நசீமா கண்ணாடிச் சில்லில் காட்டினார்.
பொரித்த அன்று குடலின் உட்சுவர்
அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லை:
வெறும் தாள்கட்டை.
இரண்டாம் நாள் அதே சுவரில்
உறிஞ்சிகள் இரண்டு மடங்கு உயரம்.
மழை எதுவும் பெய்யவில்லை,
ஒரு வாய் தீனி விழுந்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்பே
கோட்டடுப்பு வெட்டுகிறவர்களைப் போல
இறக்கைக்கும் காலுக்கும் முந்திக்கொண்டு
முதல் வாரத்தில் குடல்தான் வளரும்.
அந்த முதல் வாய் தாமதித்தால்
மண்வெட்டியோடு காத்து நிற்கும்.
உள்ளிருக்கும் மஞ்சளும்
வெளிச்சோறு வந்தால்தான் வேகமாய் இறங்கும்.

இந்தக் குஞ்சுகள் காத்து நின்ற இடம் எனக்குத் தெரியும்.
தொப்பூர் கணவாய்.
கிரானைட் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து
இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு வரை.
பெட்டிக்கு நூறாக, அட்டைத் துளைகளில் மூக்கை வைத்து
நாமக்கல்லிலிருந்து வந்தவை.
ஓட்டுநர் சின்னபையன் சொன்னான்:
"நடுராத்திரி வரைக்கும் கத்துச்சுங்க.
அப்புறம் சத்தமே இல்ல.
தூங்குதுன்னு நெனச்சேன்."

மாதம்மாள் வெல்லத்தண்ணி கலக்கி வைத்திருந்தாள்.
தாள் விரித்து, குருணைத் தீனி தூவி,
பல்பைத் தாழ்த்திக் கட்டி,
ராத்திரி ஒவ்வொன்றாய்த் தூக்கி
தீனிப்பையை விரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறாள்.
எல்லாம் சரியாகத்தான் செய்தாள்,
பதினொரு மணி நேரம் கழித்து.

படிவத்தில் 'எடைக்குறைவு: காரணம்' என்று ஒரு கட்டம்.
நோய், தண்ணீர், காற்றோட்டம், பராமரிப்பு.
நான்கில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும்.
கடைசிக்குப் போட்டால்
வளர்ப்புக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.
என் கணக்கும் அதோடு முடிந்துவிடும்.

ஓரத்தில் இடமில்லாத இடத்தில்
தொப்பூர் என்று எழுதினேன்.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து போன்:
"சென்றாயன், தொப்பூர்னு எழுதியிருக்கீங்களே,
அது என்ன நோய்?
மருந்து அனுப்பணுமா?"

பல்புக்கு அடியில் ஒரு குஞ்சு
என் செருப்பு வாரைக் கொத்திக்கொண்டிருந்தது.