இரண்டாம் கோலி

எங்கள் புளோக்கில் கோலி என்றால் கண்ணாடிக் குண்டு.
உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அம்மா
"ஏதோ கோலி விளையாடுறான், சம்பளமும் தர்றாங்க" என்பாள்.
நான் திருத்தவில்லை.
திருத்தினால் ஐஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சுவா சூ காங், பதிமூன்றாம் மாடி.
மூங்கில் கழிகளில்
அப்பாவின் சட்டைக்கும் போர்வைக்கும் நடுவே
என் நெஞ்சுக்கவசம் தொங்கும்,
தலையை எங்கோ மறந்துவிட்டு வந்த ஆள் மாதிரி.
கால்கவசங்கள் நடைபாதையில்.
அவற்றின் நாற்றத்துக்கு மூன்று மொழிகளில் புகார் வந்தது.
நான்காவது,
ரொக்காயா அக்கா கதவைச் சாத்திய சத்தம்.

வெளியே முப்பத்திரண்டு டிகிரி.
பேரங்காடியின் மேல்மாடியில்
பாவாடை விசிறிச் சுழலும் பிள்ளைகள் போனபின்
இரவு பத்தரைக்கு எங்களுக்குத் தளம் கிடைக்கும்.
கண்ணாடிக்கு அப்பால் சிக்கன் ரைஸ் கடைக்காரர்
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்ப்பார்.
மட்டையால் கம்பங்களைத் தட்டுவேன், இடம், வலம்.
இருக்கிறாயா.
இருக்கிறேன்.

தியோ பூன் கியாட் அடித்த முதல் வட்டை
நான் பார்க்கவேயில்லை.
அது என்னைப் பார்த்தது.

பச்சைச் சட்டையைக் கழற்றிய மறுமாதம்
வடக்கே கிளம்பினேன்.
இன்றும் என் வாயில் சரியாக நுழையாத பெயருள்ள ஊர்.
நான்கு குளிர்காலங்கள்.
இரண்டாம் கோலி என்றால்
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து
ஆட்கள் மாறும்போது சின்னக் கதவைத் திறப்பவன்,
பிறகு மூடுபவன்.
நூற்று நாற்பது ஆட்டங்கள் திறந்து மூடினேன்.
ஒன்பதில் நின்றேன்.
விமானத்தில் தந்த படிவத்தில்
"தொழில்" என்ற கட்டத்தை
அந்த ஒன்பதை நம்பித்தான் நிரப்பினேன்.

ஒரு பிப்ரவரி. முதல் கோலிக்குக் காய்ச்சல்.
முப்பத்தெட்டு வந்தன என்று தாளில் இருக்கிறது,
முப்பத்தேழைப் பிடித்தேனாம்.
ஒன்று, கதவடியில் செய்தித்தாளைத் தள்ளுவது போல்
முழங்காலுக்கடியில் போனது.
இவையெல்லாம் தாள் சொல்லித்தான் தெரியும்.
எனக்குத் தெரிந்தது வேறொன்று:
கடைசி நிமிடத்தில்
நான் முழுக்கத் தவறான பக்கம் விழுந்து கிடக்க
வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
ணங்.

அதற்குக் கணக்கில் இடமில்லை.
கோலுமில்லை, தடுத்ததுமில்லை,
இலக்கு நோக்கி அடித்ததாகக்கூட எழுதமாட்டார்கள்.
ஊருக்குத் திரும்பும்போது
பையில் கொண்டுவந்தது அந்தச் சத்தம்.
சாங்கியில் யாரும் திறந்து பார்க்கவில்லை.

இடுப்பெலும்பின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
மருத்துவர் என் அடையாள அட்டையை இன்னொருமுறை கேட்டார்.
இருபத்தொன்பது, டாக்டர். தப்பில்லை.

தளத்தை மூடிய வாரம் நான் போகவில்லை.
பூன் கியாட் ஒரு படம் அனுப்பினான்:
ஈரத்தரை, மஞ்சள் வாளி,
ஒரு துடைப்பம்.

இப்போது ஜூரோங்கில் மீன் குளிரறை, இரவு வேலை.
மைனஸ் பதினெட்டு.
புதிதாக வருபவர்கள் இரண்டு கையுறை போடுவார்கள்,
நான் ஒன்று.
நேற்று மூன்றரை மணிக்கு
தெயின் சோ தள்ளிய அடுக்கிலிருந்து
உறைந்த கணவாய்ப் பெட்டி நழுவி
பனி பிடித்த தரையில் வழுக்கி வந்தது, வேகமாக,
திறந்த கதவை நோக்கி.

என்னிடம் யாரும் கேட்கவில்லை.
இரண்டு முழங்காலும் தாமாக மடங்கி விரிந்தன.
பெட்டி தொடையில் மோதி நின்றது.

தெயின் சோ வாயைப் பிளந்தான், பிறகு சிரித்தான்,
பிறகு "அண்ணே, எந்திரிங்க" என்றான்
என்னிடம் கற்ற நாலு தமிழ்ச் சொற்களில் இரண்டைச் செலவழித்து.

இரு தம்பி.
இடுப்பு ஒத்துக்கொள்ளட்டும்.
நீ அந்தக் கதவை முதலில் சாத்து.