அசையாதவர்களை வெளியேற்று

கதவு திறந்த பதினோராவது நிமிடம்
இருபதாயிரம் பேருக்குக் கட்டிய உலகத்தின் வாசலில்
எண்பத்தெட்டாயிரம் பேர்.

தண்டையார்பேட்டை, இரண்டாம் மாடி.
யூபிஎஸ் மட்டும் பதறாமல்
ஒரு பச்சைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது.
திரையில் மற்றதெல்லாம் சிவப்பு.

பெங்களூரிலிருந்து டெல்பின் கேட்கிறாள்:
புது சர்வர் திறக்கலாமா,
இல்ல இருக்கறதையே இழுக்கலாமா?
இழுத்தால் கிழியும்.
திறந்தால் இன்றைக்கு ஆறும்.
அடுத்த மாதம் ஆர்வம் வடிந்ததும்
அந்தப் புது ஊர்ச் சந்தையில்
நாலு பேர் வாளை வைத்துக்கொண்டு
யாரிடம் விற்பதென்று நிற்பார்கள்.
முன்பு ஒருமுறை பார்த்தேன்:
கோட்டை முழுக்கக் கொடிகள் ஆடின,
கீழே ஒரு ஆள் இல்லை.
காற்றுக்கு எட்டு மாதம் வாடகை கட்டினோம்.

அதனால் முதலில் சின்னக் கத்தி.
விளையாடாமல் நிற்பவர்களை வெளியே அனுப்பு.
வெளியே போனால் மறுபடி வரிசை என்று பயந்து
கிணற்றோரம் குவிந்து கிடக்கும் வில்லாளிகள், மந்திரவாதிகள்,
சாப்பிடப் போனவர்கள், தூங்கிப்போனவர்கள்,
விசைப்பலகையில் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகி
சுவரில் முட்டி ஓடிக்கொண்டே இருக்கும் கெட்டிக்காரர்கள்.
பதினைந்து நிமிடம் என்று எழுதி என்டர் தட்டினேன்.
நாலாயிரத்து நூறு பேர் மறைந்தார்கள்.
வரைபடம் மூச்சு விட்டது. நானும்.

ஒன்றே முக்காலுக்கு ஒரு புகார்.
"மேடம், கன்டெய்னர் ஓட்றேன்.
மத்தியானத்துலேர்ந்து எண்ணூர் ரோட்ல நிக்கிறேன்,
ஹார்பர் கேட்டு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்.
மூணு மணி நேரம் வரிசைல கெடந்து உங்க கேமுக்குள்ள பூந்தேன்.
அப்போ பாத்து முன்னாடி வண்டிங்க நகந்துச்சு.
போனை வெச்சுட்டு கியர் போட்டேன்.
திரும்பி எடுத்தா 61,340-னு காட்டுது.
ஒரு வரிசை நகந்ததுக்கு
இன்னொரு வரிசைல கடைசியா?"
பெயர் தேசப்பன்.
உள்ளே அவர் ஒரு குள்ளக் கொல்லன், நிலை மூன்று.

இரண்டு தெரு தள்ளித்தான் அந்தச் சாலை.
ஏர் பிரேக்குகள் உஸ்ஸென்று
ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவது
இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
யூபிஎஸ் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

ஒருவரை மட்டும் முன்னால் விட
என்னிடம் பொத்தான் இருக்கிறது.
தொடவில்லை.
அவருக்கு முன்னால் நிற்கும் அறுபத்தோராயிரம் பேருக்கும்
ஏதோ ஒரு கியர் இருக்கும்.
பதினைந்தை அழித்து நாற்பது என்று எழுதினேன்.
வரைபடம் மறுபடி முகத்தைத் தூக்கியது.
ஏன் என்றாள் டெல்பின்.
லாரி என்றேன்.
அவள் அதற்குமேல் கேட்கவில்லை,
தூக்கம் வந்திருக்கும்.

அப்புறம் வேறு வழியில்லை.
மூன்று மணிக்குப் புது சர்வர்.
பெயர் கேட்டது கருவி.
பட்டியலில் கடற்பறவைகள் தீர்ந்துபோயிருந்தன.
கொருக்குப்பேட்டை என்று அடித்தேன்,
எங்கள் ரயில்வே கேட்டை நினைத்துக்கொண்டு.
காலையில் யாராவது மாற்றிக்கொள்ளட்டும்.

முதல் ஆள் வந்து இறங்கியது.
யாரும் மிதிக்காத புல்லில் நின்று
இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது,
ஒருமுறை குதித்தது.
கூட்டம் இல்லை. வரிசை இல்லை.
தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் போல என்று
அவசரமாக வெளியேறியது.