எடைமேடைக்காரி வாங்கிய கிரில்

பகாவ் கடைத்தெருவில்
தவுக்கே இரண்டைக் காட்டினான்.
தட்டு கழலாதது எண்பத்தொன்பது வெள்ளி,
கழல்வது நூற்று நாற்பது.
மலிவைத்தான் என் பக்கம் தள்ளினான்.
"கழுவப் போவது நீயா?" என்றேன்.
சிரித்து, விலையுயர்ந்ததில் ஐந்து குறைத்தான்.

ஆயிரத்தைந்நூறு வாட்ஸ்.
அதற்கு மேல் போனால்
ரைஸ் குக்கரோடு சேர்ந்து
மூன்றாம் மாடி வீட்டையே இருட்டாக்கும்.
சிங்க்குக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு முழம்;
கையால் அளந்துதான் வந்திருந்தேன்.

முதல் கெம்போங் மீன்
தோலை மேல்தட்டிலேயே விட்டு வந்தது.
சூடேறுமுன் வைத்தது என் அவசரம்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்த தேவேந்திரன்
தோலை மட்டும் சுரண்டித் தின்றார்.
மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறன்று
பச்சை விளக்கு எரியும்வரை பொறுத்தேன்.
மஞ்சள், மிளகாய், கஸ்தூரி எலுமிச்சை.
மூடியை அழுத்தியதும் ஒரு சீறல்.
இரு பக்கமும் தானே வேகிறது;
திருப்பிப் போட எடுத்த கரண்டி
சும்மா கையிலேயே இருந்தது.

செம்பனை ஆலை எடைமேடையில்
எண்ணெய் லாரிகளை டன் கணக்கில் நிறுத்து
ரசீது கிழிப்பது என் வேலை.
அடித்தட்டை உருவினேன்:
ஒன்றரைக் கரண்டி கொழுப்பு.
கொட்டுமுன்
உள்ளங்கையில் ஏந்தி
நிறுத்துப் பார்த்தேன்.