கேட்டுக்கு அந்தப் பக்கம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு மேற்கே
டீக்கடையின் நிழல் முடிகிற இடத்தில்
பல் வண்டியை நிறுத்துவார் எத்திராஜ்.
மாதத்தில் ஒரு வியாழன். ஒன்பதிலிருந்து ஒன்று.
நான் டாக்டர் இல்லை.
படிக்கட்டில் உட்கார்ந்து பெயர் எழுதுகிறவள்.

பெயர், வயது, தெரு, தொழில்,
எந்தப் பல், எத்தனை நாளாக.
கடைசிக் கட்டம்தான் யாருக்கும் போதவில்லை.
"ஆத்துல எண்ணெ வந்துச்சே, அதுக்கு முந்தியே"
என்கிறார் எண்ணூர்க்காரர்.
"இவ வயித்துல இருக்கச்சே" என்கிறாள் ஒருத்தி.
பக்கத்தில் நிற்கிறாள் அந்த இவள்,
எட்டாம் வகுப்புச் சீருடையில்.
இடம் இல்லாததால்
நாட்பட்டது என்று எழுதிவைக்கிறேன்.

அதற்குள் அந்த வாய்களுக்குள்
கிராம்பு போயிருக்கிறது, கல்லுப்பு போயிருக்கிறது,
பெட்ரோலில் நனைத்த பஞ்சு,
பெட்டிக்கடையின் பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை.
துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபாலி
உதட்டுக்குள் புகையிலை அடக்கியிருந்தார்.
"முதல்ல வலிக்கு வெச்சேன். அப்பால அதுக்கே வெச்சேன்."
பிறகு சிரித்தார்:
"எம்பேர்ல இருக்கிற ஒரே சொத்து
இந்தச் சொத்தைதாம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று
எவனோ சொல்லிவைத்துவிட்டுப் போனான்.
அவனுக்குக் கடவாய்ப் பல் வலித்ததில்லை.

பதினேழாவது டோக்கன் ஜெபமாலை.
நாற்பத்தொன்று. காசிமேடு. இறால் உரிப்பவள்.
ஐஸில் ஊறி வெளுத்த விரல்களால்
கன்னத்தைத் தாங்கிக்கொண்டு ஏறினாள்.
டாக்டர் மெகருன்னிசா விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.
"இதைக் காப்பாத்தலாம்மா.
ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை வரணும்."

ஜெபமாலை விரல்களை மடக்கினாள்.
நாலு நாள் கூலி. நாலு நாள் ஆட்டோ.
நாலு நாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து,
ஐந்தாம் நாள் எழுந்திருக்காமல் இருப்பது.
"புடுங்கிடும்மா."
கொஞ்சம் யோசித்து,
"பக்கத்துல இருக்கறதையும் பாரு. ஆடுதா?
ஆடாட்டியும் புடுங்கிடு.
ஒரே லீவுல முடிஞ்சிடும்."

வண்டிக்குள் மின்விசிறி மட்டும் பேசிற்று.
டாக்டர் ஒன்றைத்தான் எடுத்தார்.
தட்டில் விழுந்ததைப் பார்த்தேன்:
மூன்று வேர்.
விட மனசில்லாமல்
எதையோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

முப்பதுக்கு மேல் எழுதக்கூடாது என்பது உத்தரவு.
முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை
நோட்டின் பின்னட்டையில் எழுதியிருக்கிறேன்,
அடுத்த மாதத்துக்கு.
நாளைக்கு மணலி, திங்கள் எர்ணாவூர்.
இங்கிருந்து கன்னியாகுமரி வரை எத்தனை வாய்,
எத்தனை வியாழன் என்று
ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி
எத்திராஜ் கணக்குப் பார்ப்பார். முடிக்கமாட்டார்.

மணி ஒன்று. கேட் மூடி இருபது நிமிஷம்.
டாங்கர் சரக்கு ரயில் நகர்ந்தது,
கறுப்புக் கறுப்பாய், ஒன்றை ஒன்று ஒட்டி,
நடுவில் ஒரே ஒரு தட்டைப் பெட்டி, காலியாக.
அந்த ஓட்டை வழியே தெரிந்தாள்:
நைட்டியின்மேல் துண்டு போட்ட பெண்,
இடுப்பில் தூக்கமுடியாத வயதுப் பிள்ளையைத்
தூக்கிக்கொண்டு, கையை ஆட்டியபடி.
அப்புறம் மறுபடி டாங்கர்.

எத்திராஜ் சாவியைத் திருப்பினார்.
திருப்பியதைத் திரும்ப அணைத்தார்.
"இஞ்சின் சூடு. ஆறட்டும்" என்றார்.
காலையிலிருந்து நகராத வண்டி.
டாக்டர் கழற்றிய கையுறையைத் தொட்டியில் போட்டுவிட்டுக்
கேட்டார்: "இன்னும் எத்தனை ஜோடி இருக்கு?"

சிறுமியின் பெயர் ரூத். எட்டு வயது. மீனாம்பாள் நகர்.
தொழில் கட்டத்தில் கோடு போட்டேன்.
எத்தனை நாளாக?
"நேத்து ராத்திரிலேர்ந்துதான்" என்றாள் அம்மா,
தாமதமாய் வந்தவள்போலத் தலைகுனிந்து.

ஒன்று என்று எழுதினேன்.
இந்த நோட்டில்
அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் எண்.

"காப்பாத்திடலாம்" உள்ளேயிருந்து டாக்டர் குரல்,
"நாலு தடவை கூட்டிட்டு வரணும், சரியா?"
அம்மா விரலை மடக்கத் தொடங்கினாள்.
மூன்றாவது விரலில் நின்றாள்.
பின்னால்
கேட் மறுபடியும் மூடப்போகிற மணி.